கன்னிமார் புல்தரைக்குப் போன வருஷம்

எங்கள் ஏரியைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஏரி எங்கே?" என்பதுதான். ஏற்காட்டில் போட் விடும் பெரிய ஏரியைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது ஏரியாகவே தெரியாது. செம்மநத்தம் போகிற ரோட்டிலிருந்து பிரிந்து காப்பித் தோட்டத்துக்குள் இறங்கினால், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு பள்ளம். கோடையில் அதில் எருமை படுத்தால் முதுகு நனையாது. கார்த்திகையில் அதே இடத்தில் யானை நின்றால் தும்பிக்கை மட்டும்தான் தெரியும். யானை இங்கே கிடையாது, ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். இங்கே இருப்பது காட்டெருமை. சாயங்காலம் இறங்கி வந்து தண்ணீர் குடித்துவிட்டு, வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் மாதிரி எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, சேலத்தில் காலேஜ் படிக்கும் என் பேத்தி லீவில் வந்து எழுதுகிறாள். என் பேச்சுக்கு அவளே இஸ்திரி போட்டுவிடுகிறாள். போட்டுக்கொள்ளட்டும். மற்றவர்கள் பேசியதை மட்டும் கசங்கியபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

ஏரிக்கரை என்று சொன்னால் நீங்கள் மண்ணைக் கொட்டி மேடாக்கிய கரையை நினைப்பீர்கள். எங்களுடையது அப்படியில்லை. தண்ணீர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று யாரும் காட்ட முடியாது. நடுவில் கோரைப்புல், சேறு, தவளை, மறுபடியும் கோரை. அந்தக் கோரைக்குள்தான் எங்கள் ஊத்துக்குழி இருக்கிறது. இடுப்பளவு ஆழம், சுற்றிலும் கல் அடுக்கியிருக்கும். ஏரித் தண்ணீர் டீ நிறத்தில் கிடந்தாலும், கரைச் சேற்றுக்குள் ஊறி ஊறிக் குழிக்கு வரும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். தோட்டத்து லைன் வீடுகளில் இருக்கும் கூலிக்காரர்கள் நாங்கள் எல்லோரும் அதைத்தான் குடிக்கிறோம். பஞ்சாயத்துக் குழாயும் இருக்கிறது. அதைத் திறந்தால் காற்று நன்றாக வரும்.

குழியைவிடப் பெரியவர்கள் எங்கள் கன்னிமார். ஏழு கல். தேங்காய் அளவில், ஓடையில் உருண்டு மழுங்கிய கற்கள். கோயில் கிடையாது, கூரை கிடையாது. மற்ற ஊரில் சாமி ஒரே இடத்தில் இருக்கும், நாம் தேடிப் போகவேண்டும். எங்கள் கன்னிமார் வருஷத்துக்கு ஒரு தடவை இடம் மாறுவார்கள். கார்த்திகை மழையில் ஏரி நிறைந்து, தண்ணீர் எதுவரை ஏறி நிற்கிறதோ, அந்த ஈர விளிம்பில் கற்களைக் கொண்டுபோய் வைப்போம். கடைசிக் கன்னியின் காலைத் தண்ணீர் தொட்டுக்கொண்டு இருக்கவேண்டும். தூக்குவது பெண்கள். ஆண்கள் தொடக்கூடாது. இதை யார் ஏற்படுத்தினார்களோ, ஆண்களை நன்றாகத் தெரிந்தவர்கள்.

அப்புறம் தண்ணீர் தன் பாட்டுக்கு வற்றி இறங்கிப் போகும். கற்கள் மேலேயே இருக்கும், அடுத்த கார்த்திகை வரை. கல்லுக்குக் கீழே மாடு மேய்க்கலாம், கோரை அறுக்கலாம், துணி துவைக்கலாம். ஒரு முளைக்குச்சிகூட அடிக்கக்கூடாது. அது கன்னிமார் குளிக்கிற இடம். குளிக்கிற இடத்தில் தூண் நட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்?

இப்படி இருந்தபோதுதான் எஸ்டேட்டில் ஏரிப் பக்கத்தை மட்டும் பிரித்து ஒரு வெளியூர் முதலாளி வாங்கினார். முதலாளியை நாங்கள் பார்க்கவில்லை. மேனேஜரை அனுப்பினார். முப்பத்தைந்து வயசு இருக்கும். வெயிலே இல்லாத மலையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். வந்தது சித்திரை மாதம். ஏரி சுருங்கி ஒரு அண்டாத் தண்ணீராகக் கிடந்தது. அவர் மேலே, காப்பிச் செடி ஓரம், மஞ்சள் குங்குமத்தோடு இருந்த ஏழு கல்லையும் பார்த்தார். கீழே தண்ணீரைப் பார்த்தார். நான் குழியில் தண்ணீர் மொண்டுகொண்டு ஏறி வந்தேன்.

"பாட்டிமா, தண்ணி அங்க கெடக்கு. சாமி எதுக்கு இங்க புதருக்குள்ள உக்காந்திருக்கு?"

"தண்ணி வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்குதுங்க."

"இவ்வளவு தூரமா வரும்?"

"வருதுங்க. ஆளக் கேட்டுக்கிட்டு வர்றதில்லீங்க."

அவர் சிரித்தார். படித்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு ஒன்று இருக்கிறது, பல் தெரியாது. அது.

அடுத்த வாரம் ரோட்டோரம் ஒரு பெரிய போர்டு வைத்தார்கள். கலர் படம். ஏரியைச் சுற்றிச் சுவர், சுவர் மேல் நடைபாதை, விளக்குக் கம்பங்கள், ஐஸ் தின்றுகொண்டு ஒரு ஆணும் பெண்ணும், ஒரு வெள்ளை நாய். ஏரி வட்டமாக, அச்சு வைத்து வார்த்த இட்லி மாதிரி இருந்தது. கோரை இல்லை. எருமை இல்லை. லைன் வீடும் இல்லை. பாய் கடையில் சர்க்கரை வாங்கப் போனபோது பாய் அந்தப் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சேலத்திலிருந்து வந்து இங்கே கடை போட்டவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"பாத்தீங்களாக்கா, நாய்க்குக்கூட படத்துல எடம் கெடச்சிருச்சுங்க. நமக்குத்தான் இல்ல."

"உங்க கடையாவது இருக்குதுங்களா பாய்?"

"என்ற கடை இருக்கற எடத்துல மரம் வரஞ்சு வெச்சிருக்காங்கக்கா. நல்ல மரம்."

விஷயம் என்னவென்றால், கோரை மேல் செம்மண் கொட்டி, சுருங்கிக் கிடந்த தண்ணீர் வரைக்கும் மேடாக்கி, அங்கே சுவர் வைக்கப்போகிறார்கள். ஊத்துக்குழி அந்தச் செம்மண்ணுக்கு அடியில் போய்விடும். நான் நேராகப் போய்க் கேட்டேன்.

"குழியா? அதுக்குப் பதிலா ஆர்.ஓ. மெஷின் ஒண்ணு வெச்சுக் குடுத்துடறோம் பாட்டிமா. சுத்தமான தண்ணி."

"கரண்டு போனா என்னங்க பண்றது?"

"கரண்டு வர்ற வரைக்கும் வெயிட் பண்ணுங்க."

இந்த மலையில் ஒரு கிளை அசைந்தால் கரண்டு போகும். தாகம் அதுவரைக்கும் வெயிட் பண்ணுமா என்று நான் கேட்கவில்லை. அவருக்குத் தாகம் எடுத்தால் காரில் பாட்டில் இருக்கிறது. அவரே மேலே பேசினார்: "நான் கடலோரத்துலயே ரிசார்ட் கட்டினவன் பாட்டிமா. அலையவே கல்லு கொட்டி நிறுத்தினோம். இந்தக் குட்டை எந்த மூலைக்கு?"

கடல் என்றதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. என் மகளைக் கடலூர்ப் பக்கம் லாரி ஓட்டுகிறவருக்குக் கொடுத்திருக்கிறது. அவள் பிள்ளைப்பேறுக்கு நான் போயிருந்தபோது ஒருநாள் என்னைக் கடலைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். எனக்குக் கடல் பிடிக்கவில்லை. இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு வாய் குடிக்கக் கொடுக்காத கஞ்சத்தனம் எனக்கு ஆகாது. ஆனால் மீன் கூடை வைத்திருந்த ஒரு அம்மாவைப் பிடித்துப்போயிற்று. வெற்றிலை கொடுத்தாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே பாதி வீடு நின்றது. மீதி இல்லை.

"அந்தாண்ட ஊர்ல கல்லக் கொட்னாங்கம்மா. அவங்க கர நின்னுது. இங்க மண்ணு பூடுச்சி," என்றாள். பிறகு அலை உடைகிற ஒரு இடத்தைக் கையால் காட்டினாள். "தோ, அதான் எங்க மாமியா அடுப்பு வெச்சிருந்த எடம்."

அந்த அலையை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் மேனேஜரிடம் கேட்டேன்.

"நீங்க நிறுத்துன அலை எந்த ஊருக்குப் போச்சுங்க சாமி?"

அவருக்கு அப்போது போன் வந்துவிட்டது. மணி அடித்த மாதிரி எனக்குக் கேட்கவில்லை.

இதில் பெரிய கூத்து என் வீட்டுக்குள்தான் நடந்தது. அந்த வேலைக்கு மேஸ்திரி என் மகன். காப்பி எடுப்பு முடிந்தால் எங்களுக்கு இங்கே வேலை தேய்ந்துவிடும். மிளகு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் உட்கார்ந்து சுவரைப் பார்க்கவேண்டியதுதான். அவன் மாசக்கணக்கில் திருப்பூர்ப் பக்கம் போய்க் கிடந்தவன். இப்போது வீட்டுச் சோறு தின்றுகொண்டு வேலை. மருமகளுக்கும் காட்டேஜில் ரூம் சுத்தம் செய்யும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லுகிற அளவுக்கு எனக்குக் கொழுப்பு இல்லை. காட்டேஜ் கட்டட்டும், நாலு பேர் வந்து தங்கட்டும், என் மருமகள் சம்பளம் வாங்கட்டும். ஆனால் மேட்டில் இவ்வளவு இடம் இருக்கும்போது, குடிக்கிற தண்ணீர் மேல் வந்து உட்காருவானேன் என்பதுதான் என் கேள்வி.

என் மகனுக்குக் கல்லுக்குக் கீழே மண் கொட்டப் பயம். வேலைக்கு வந்த பசங்களும் எங்கள் லைன் பசங்கள்தான், அவர்களுக்கும் பயம். அதற்கு ஆண்கள் எல்லோரும் பாய் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மூளை வேலை செய்தார்கள். மேனேஜர் செலவில், கீழே, சித்திரைத் தண்ணீரின் ஓரத்தில், கன்னிமாருக்கு ஒரு மண்டபம் கட்டுவது. கற்களை அங்கே கொண்டுபோய் சிமெண்டு வைத்துப் பதித்துவிடுவது.

"அம்மா, சாமி கீழ எறங்கிருச்சுன்னா மேல இருக்கறதெல்லாம் சும்மா எடம். என்ன வேணாலும் பண்ணலாம், குத்தமில்ல," என்றான் மகன். ஏதோ சட்டம் படித்தவன் மாதிரி.

"சாமியக் கேட்டீங்களா?"

"சாமிக்கு மண்டபம் வேண்டாம்னா இருக்குது? டைல்ஸ் போடறாங்கம்மா."

டைல்ஸ் போட்டார்கள். நீலப் பூப்போட்ட டைல்ஸ், பாத்ரூமில் ஒட்டுவது. நாலு தூண், மேலே தாமரை, முன்னால் எவர்சில்வர் கம்பி. ஆண்கள் தினமும் போய் அந்தக் கம்பியைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்கள். கல்லுக்குக் கீழே தூண் நடுகிறோமே என்று ஒருவனும் கேட்கவில்லை. சாமிக்கென்று நடுவதால் அது கணக்கில் வராதாம். மேட்டில் காட்டேஜும் எழும்பத் தொடங்கியது. கன்னிமாருக்குக் கொஞ்சம் மேலே தரையைச் சமப்படுத்தி, பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டிக் கொண்டுவந்த புல்லை விரித்தார்கள். இந்த மலையில் புல்லுக்கா பஞ்சம்? அதைச் சுற்றிக் கம்பி வேலி. எங்கே எருமை வந்து அந்தப் புல்லைத் தின்றுவிடுமோ என்று.

வைகாசியில் மண்டபத் திறப்பு. சேலத்திலிருந்து காரில் ஒரு ஐயரைக் கூட்டி வந்தார்கள். கொண்டை ஊசி வளைவில் தலை சுற்றிப்போய், பாவம், வந்ததும் அரை மணி நேரம் படுத்துவிட்டார். முதலாளி வரவில்லை, முதலாளியின் மச்சான் வந்தார். மேளம் வந்தது. பெண்கள் நாங்கள் தட்டில் பூ, பழம், மஞ்சள் எல்லாம் எடுத்துக்கொண்டு, புதுச் சேலை கட்டிக்கொண்டு போனோம். கல் மட்டும் எடுத்துப் போகவில்லை.

ஐயர் எழுந்து வந்து, "விக்கிரகம் எங்கே?" என்றார்.

எல்லோரும் என் மகனைப் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் மருமகளைப் பெற்ற சம்பந்தியம்மாவைப் பார்த்தேன், அவள் எனக்கும் மூத்தவள்.

"ஏனுங்க, இது வைகாசிங்களே," என்றாள் அவள்.

"வைகாசின்னா என்ன ஆத்தா?" என்றார் மேனேஜர்.

"வைகாசில எப்படிங்க தூக்கறது? தண்ணி வந்து கூப்புட்டாத்தான் அவங்க எந்திரிப்பாங்க. நாமளா தூக்குனா, தூங்கற பொண்ணத் தூக்கிட்டுப் போற மாதிரிங்க."

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"யாரும் எங்களக் கேக்கலீங்க சாமி. ஆம்பளைங்களக் கேட்டீங்க. அவங்களுக்கு மண்டபந்தான் தெரியும்."

மகன் என் காதோரம் வந்து, "அம்மா, மானத்த வாங்காதீங்க," என்றான். "உன்ற கையால கல்லத் தொடு பாக்கலாம், நா விலகிக்கறேன்," என்றேன். அவன் தொடவில்லை. ஐயர் நல்ல மனுஷர். ஒரு சொம்பில் தண்ணீர் வைத்து மந்திரம் சொல்லிவிட்டு, இறங்கும்போது காரில் முன்சீட்டு வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனார்.

மறுநாளே செம்மண் லாரி வந்து நின்றது. சாமி கீழே இறங்கவில்லை, அதனால் ஒன்றும் நடக்கூடாத கோடு பழைய இடத்திலேயே, கல்லோடு இருக்கிறது. பசங்கள் மண்வெட்டியைத் தொடவில்லை. மகனைப் பார்க்கத்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது. கட்டின மண்டபமே கோட்டுக்குக் கீழே நிற்கிறது என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த இரண்டு நாளும் மருமகள் என்னோடு பேசவில்லை. ரூம் வேலை போய்விடுமே என்று அவளுக்கு. அவள் பயமும் நியாயம்தானே. ஆனால் ராத்திரிச் சோற்றுக்கு அவளும் அந்தக் குழித் தண்ணீரைத்தான் உலையில் வைத்தாள்.

கடைசியில் மகனே போய்ச் சொன்னான்: "சாமி எறங்காம மண்ணு கொட்ட மாட்டனுங்க சார். வேற மேஸ்திரியப் பாத்துக்கங்க."

மேனேஜர் வேறு ஆளைக் கூட்டி வந்திருக்கலாம். வடக்கத்திப் பசங்கள் எந்தச் சாமியையும் கேட்காமல் வேலை செய்வார்கள். ஆனால் மண்டபத்துக்குச் செலவு ஆகிவிட்டதே, அதில் சாமி வராமல் போனால் முதலாளிக்கு என்ன சொல்வது என்று அவருக்கு ஒரு பயம். "சரி, கார்த்திகை வரைக்கும் பார்ப்போம். அதுக்கப்புறம் கொண்டுவந்து வெச்சுடணும்," என்றார். "தண்ணி சொல்ற எடத்துலீங்க," என்றேன். "சரி சரி," என்றார். அவர் கண்ணில் தண்ணீர் எப்போதும் சித்திரைத் தண்ணீர்தான்.

அந்த வருஷ மழையைப் பற்றிப் பேத்தியிடம் நிறைய எழுதச் சொன்னேன், போதும் என்கிறாள். ஐப்பசியில் பிடித்தது, விடவில்லை. துணி காயவில்லை, விறகு எரியவில்லை, கொட்டச்சேடு ரோட்டில் மரம் விழுந்து பஸ் வரவில்லை. காட்டேஜில் தங்க வந்தவர்கள் ஜன்னலுக்குள் உட்கார்ந்து பஜ்ஜி பஜ்ஜி என்று கேட்டுக்கொண்டிருந்தார்களாம். ஏரி ஏறியது. முதலில் மண்டபப் படி முழுகியது. அப்புறம் டைல்ஸ் முழுகியது. எவர்சில்வர் கம்பியின் மேல் நுனி மட்டும் தெரிந்தது, அதில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. ஆண்கள் ஆசை ஆசையாகத் தடவிய கம்பி கடைசியில் யாருக்குப் பயன்பட்டது பாருங்கள்.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு காலையில், கல்லுக்கு ஒருத்தியாகப் பெண்கள் ஏழு பேரும் தலைக்குக் குளித்துவிட்டு கல்லைத் தேடிப் போனோம். தண்ணீர் அவர்களைத் தாண்டியிருந்தது. கணுக்காலளவு தண்ணீரில் துழாவி எடுத்து, மஞ்சள் துணியில் சுற்றி, தலையில் சும்மாடு வைத்துத் தூக்கி, ஈர விளிம்பைத் தேடி மேலே நடந்தோம். வழியில் கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம்தான் விளிம்பு இருந்தது. மகனைக் கூப்பிட்டு வேலிக் கதவைத் திறக்கச் சொன்னேன். திறந்தான். சுருட்டிக் கொண்டுவந்து விரித்தார்களே, அந்தப் புல்லின் நடுவே, வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு இடையில், ஏழு கல்லையும் வரிசையாக வைத்தோம். கடைசிக் கன்னியின் காலில் தண்ணீர் வந்து தொட்டது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சம்பந்தியம்மா குலவை போட்டாள், பாதியில் அவளுக்கும் சிரிப்பு வந்து குலவை உடைந்துவிட்டது.

மேனேஜர் குடையோடு ஓடி வந்தார்.

"பாட்டிமா, இங்கயா?"

"நாங்களா சொன்னோம் சாமி? கால வெச்சுப் பாருங்க."

வைத்தார். ஷூ முழுக்க உள்ளே போய், எடுக்கும்போது சத்தம் வந்தது. புல்லுக்கு அடியில் அவ்வளவும் ஏரி.

"அப்ப மண்டபம்?"

"அது நல்லா இருக்குதுங்களே. மீன்கொத்திக்கு."

அவர் கோபப்படுவார் என்று பார்த்தேன். அந்த நேரத்தில் காட்டேஜில் தங்கியிருந்த ஒரு குடும்பம் போனைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தது. தண்ணீருக்கு நடுவே தாமரையும் தூணும் மட்டும் நிற்க, பின்னால் பனி. அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் என்ன. அந்தப் படத்தை எங்கெங்கேயோ போட்டார்களாம். அடுத்த வாரம் பாய் கடையில் பிஸ்கட் தீர்ந்துபோகிற அளவுக்குக் கூட்டம்.

"என்னங்க பாய், ஒரே சந்தோசமா இருக்கீங்க?"

"அக்கா, தண்ணிக்குள்ள கோயில் எங்கன்னு கேட்டுக் கேட்டு வர்றாங்க. மேனேஜரு, அது நாங்களே வேணும்னு தண்ணிக்குள்ள கட்டுனதுன்னு சொல்லிக்கிட்டிருக்காரு."

சொல்லட்டும். சுவரும் நடைபாதையும் வந்தால் தண்ணீர் மண்டபத்துக்கு வராது, படம் எடுக்க ஆள் வராது என்று அவருக்கே புரிந்துவிட்டது. செம்மண் லாரி அப்புறம் வரவே இல்லை. ரோட்டோரப் போர்டில் வெள்ளை நாய் இன்னும் நிற்கிறது, மழையில் கொஞ்சம் பச்சை பிடித்து. மருமகளுக்கு ரூம் வேலை கிடைத்தது; இப்போது என்னோடு பேசுகிறாள், நிறையவே பேசுகிறாள். நல்ல புத்தியால் கரை பிழைத்தது என்று நான் சொல்லமாட்டேன். பேராசை ஒரு பக்கம் இழுக்க, அதைவிடப் பெரிய பேராசை மறுபக்கம் இழுத்தது, நடுவில் கரை தப்பித்தது. நாளைக்கு அந்தப் படம் சலித்துப்போனால் இவரோ இன்னொருவரோ மறுபடியும் லாரியோடு வருவார்கள். எனக்குத் தெரியாதா?

கல் இப்போது புல்தரையில் இருக்கிறது. கல்லுக்குக் கீழே எதுவும் நடக்கூடாது. மகன் யாரும் சொல்லாமல் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய், அவனே நட்ட வேலிக் கம்பங்களைக் கீழ்ப்பக்கம் முழுக்கப் பிடுங்கினான். அந்த வழியாக எங்கள் எருமைகள் ஏறிப்போய், சுருட்டிக் கொண்டுவந்த புல் எப்படி இருக்கிறது என்று தின்று பார்த்தன. பிடித்திருந்தது போலிருக்கிறது.

தை பிறந்து தண்ணீர் இறங்கியதும் ஊத்துக்குழி வெளியே வந்தது. வருஷா வருஷம் அப்படித்தான் வரும், முழுக்கச் சேறாக. சேற்றை அள்ளிப் போடுவது என் வேலை. இந்த வருஷம் முழங்கால் மடங்கவில்லை என்றேன். பேத்தி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினாள். ஒரு தவளை அவள் கைமேல் தாவியது, கத்தினாள்.

"அவ ஊடு அது. நீதான் விருந்தாளி. கத்தாத அள்ளு கண்ணு," என்றேன்.

அள்ளினாள். சேறு, கோரை வேர், ஒரு நீல டைல்ஸ் துண்டு. அப்புறம் கரைக்குள்ளிருந்து தண்ணீர் கசிந்து கசிந்து வந்தது. முதல் தண்ணீர் கலங்கல், அதை இறைத்துவிட்டாள். இரண்டாவதும் கலங்கல். மூன்றாவதை நான் கையில் ஏந்திக் குடித்தேன். அவளுக்கும் கொடுத்தேன்.